நகரமன்றத்தைக் கேள்வி கேட்கும் குழு

குழாயில் நீர் வருகிறதா, தெருவில் விளக்கு எரிகிறதா, குப்பை வண்டி நாள்தோறும் வருகிறதா என்னும் கேள்விகளே ஒரு குடும்பத்துக்கு அன்றாட அரசியல். நாட்டை ஆளும் அரசை நாம் செய்தித்தாளில் காண்கிறோம். நகரமன்றத்தை வாசற்படியிலேயே காண்கிறோம். மும்பையின் மாதுங்காவில் வாழ்ந்தாலும், தில்லியின் கரோல்பாக்கில் வாழ்ந்தாலும், பெங்களூரின் அல்சூரில் வாழ்ந்தாலும், நம் தாய்மொழி வேறு என்பதற்காக எந்த நகரமன்றமும் நம்மிடம் வரியைக் குறைத்து வாங்குவதில்லை. ஆகவே, அம்மன்றம் எடுக்கும் முடிவுகளை ஆராய்பவர் யார், தவறு நேர்ந்தால் தட்டிக் கேட்பவர் யார் என்று அறிந்துகொள்ளும் உரிமை நமக்கும் உண்டு.

தேர்தல் இருக்கிறதே என்று சிலர் கூறலாம். தேர்தல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அப்போது நாம் சொல்லக்கூடியது, இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்பது மட்டுமே. கணக்குத் தணிக்கை இருக்கிறதே என்று வேறு சிலர் கூறலாம். பணம் விதிப்படி செலவாயிற்றா என்று தணிக்கையாளர் பார்ப்பார். ஆனால், அந்த முடிவு அறிவுடைய முடிவுதானா, அதனால் யார் பயன் பெற்றார், யார் அல்லல் உற்றார் என்பவற்றை வரவு செலவு ஏடுகள் முழுவதும் சொல்லிவிடமாட்டா. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே இங்கிலாந்து நாட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உள்ளாட்சி மன்றங்களின் ஆய்வுக் குழு என்பது அதன் பெயர். அது எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே வென்றது, எங்கே தவறியது என்பதை இன்று நாம் பார்ப்போம்.

இங்கிலாந்தின் நகரமன்றங்களில் முன்பெல்லாம் கல்விக்கு ஒரு குழு, வீட்டு வசதிக்கு ஒரு குழு, சாலைக்கு ஒரு குழு எனப் பல குழுக்கள் இருந்தன. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் அமர்ந்து முடிவெடுப்பதில் பங்கு கொண்டனர். வேலை மெதுவாக நடக்கிறது, எந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்பது மக்களுக்கு விளங்கவில்லை என்று குறை எழுந்தது. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பெரும்பாலான மன்றங்களில் அம்முறையை மாற்றியது. தலைவரும் அவருடன் சிலரும் சேர்ந்த ஒரு நிர்வாகக் குழு அமைந்தது. தலைவர் உட்பட அதில் பத்துப் பேருக்கு மேல் இருத்தல் ஆகாது. அன்றாட அதிகாரம் இந்தச் சிலர் கைக்கு வந்தது.

அதிகாரம் சிலரிடம் குவிந்தால் எஞ்சிய உறுப்பினர்களுக்கு என்ன வேலை? இக்கேள்விக்கு அதே சட்டம் விடை கூறியது. நிர்வாகக் குழுவில் இல்லாத உறுப்பினர்களைக் கொண்டு ஆய்வுக் குழு ஒன்றேனும் அமைக்கப்பட வேண்டும். நிர்வாகக் குழுவைச் சேர்ந்த எவரும் இதில் உறுப்பினராதல் இயலாது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது அல்லவா? மன்றத்தில் கட்சிகளுக்கு உள்ள பலம் எவ்விகிதமோ அவ்விகிதத்திலேயே இக்குழுவிலும் இடம் பகிர்ந்தளிக்கப்படும். கல்வியை ஆராயும் குழுவில் மாணவரின் பெற்றோர் சார்பிலும் திருச்சபைகளின் சார்பிலும் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு அமர்வதுண்டு.

இக்குழு செய்யும் பணியை மூன்று காலமாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். முடிவு எடுப்பதற்கு முன் ஆராய்வது ஒன்று. முக்கியமான முடிவு எதையும் எடுப்பதற்கு 28 நாட்களுக்கு முன்னரே அதைப் பற்றி அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது விதி. ஆகவே, வரப்போவதை முன்னறிந்து குழு தன் கருத்தைச் சொல்ல இயலும். முடிவு எடுத்த பின், அது நடைமுறைக்கு வருவதற்குள், அதை நிறுத்தி மறு ஆய்வுக்கு அழைப்பது இரண்டாவது. இதனை அங்கே 'கால் இன்' என்று வழங்குவர். முடிவு நடைமுறைக்கு வந்த பிறகு, எண்ணிய பயன் விளைந்ததா என்று பார்ப்பது மூன்றாவது. இவையன்றி, ஏதேனும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, சில உறுப்பினர்கள் சில மாதங்கள் ஆராய்ந்து அறிக்கை தந்து கலையும் சிறு குழுக்களும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு நகரத்தில் செலவைக் குறைக்க வேண்டி, கிளை நூலகம் ஒன்றை மூடுவதென நிர்வாகக் குழு முடிவு செய்கிறது. அந்த மன்றத்தின் விதிப்படி குறிப்பிட்ட சில நாட்களுக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தால், அம்முடிவு அப்படியே நிற்கும். ஆய்வுக் குழு கூடுகிறது. முடிவெடுத்த நிர்வாகக் குழு உறுப்பினரும் உரிய அதிகாரியும் நேரில் வந்து விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். இந்நூலகத்துக்கு வருவோர் எத்தனை பேர்? அவர்களுள் முதியவர் எத்தனை பேர், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்? அடுத்த நூலகம் எவ்வளவு தூரம், அதற்குப் பேருந்து உண்டா? மிச்சமாகும் என்று சொல்லும் தொகையில் கட்டடத்தைக் காக்கும் செலவு கழிக்கப்பட்டதா? மூடுவதைத் தவிர வேறு வழி எதையும் ஆராய்ந்தீர்களா? இக்கேள்விகள் பொதுமக்கள் முன்னிலையில் கேட்கப்படுகின்றன. விடைகளும் அவர்கள் முன்னிலையிலேயே வருகின்றன.

இவ்வளவும் கேட்ட பின் குழு அம்முடிவைத் தள்ளிவிடலாமா? முடியாது. இங்கேதான் இவ்வேற்பாட்டின் தன்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஆய்வுக் குழுவுக்கு முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை. மீண்டும் எண்ணிப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பலாம், முழு மன்றத்தின் பார்வைக்கு வைக்கலாம், பரிந்துரை செய்யலாம். அப்பரிந்துரைக்கு இரண்டு மாதங்களுக்குள் நிர்வாகக் குழு விடை தந்தாக வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வரையறுத்தது. ஏற்கிறோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ அவ்விடை இருக்கலாம். ஆனால், வாய் திறவாமல் இருத்தல் ஆகாது. காரணத்தை ஊரறியச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இக்குழுவின் கையிலுள்ள கோல். காரணம் சொல்ல இயலாத முடிவை எடுக்க எவரும் சற்றுத் தயங்குவர்.

கேட்கும் அதிகாரம் மட்டுமே உள்ளவர் கேட்கத் தவறினால் என்ன நேரும்? இதற்கு நெஞ்சை உருக்கும் சான்று ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டின் சட்டமொன்று, உள்ளாட்சி ஆய்வுக் குழுக்களுக்குத் தத்தம் பகுதியின் மருத்துவப் பணிகளையும் ஆராயும் உரிமையை அளித்தது. ஸ்டாஃபோர்ட் என்னும் ஊரின் மருத்துவமனையில் 2005ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நோயாளிகள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. எட்டாத இடத்தில் தண்ணீர் வைக்கப்பட்டமையால் தாகத்தோடு கிடந்தவர்கள் உண்டு. நனைந்த படுக்கையிலேயே நெடுநேரம் விடப்பட்டவர்கள் உண்டு. செலவைக் குறைப்பதிலும் மேலிடம் விதித்த இலக்குகளை எட்டுவதிலும் மருத்துவமனை நிர்வாகம் கருத்தாய் இருந்ததே ஒழிய, படுக்கையருகே கேட்ட முனகலுக்குச் செவி கொடுக்கவில்லை.

அவ்வூரை ஆராய ஒன்றுக்கு இரண்டு குழுக்கள் இருந்தன. மாவட்ட மன்றத்துக்கு ஒன்று, நகரமன்றத்துக்கு ஒன்று. மருத்துவமனை அதிகாரிகள் அக்குழுக்களின் முன்னிலையில் வந்து விளக்கமும் தந்தனர். ஆயினும் உள்ளே நடப்பது குழுக்களுக்குப் புலப்படவில்லை. அதை உலகறியச் செய்தவர்கள் உறவினரை இழந்த சாதாரண மக்கள். அவர்கள் ஒன்றுகூடி, ஓயாமல் முறையிட்டனர். ராபர்ட் பிரான்சிஸ் என்னும் வழக்கறிஞர் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் 290 பரிந்துரைகள் இருந்தன. பெருங்குறைகளைக் காட்டிய அடையாளங்களை உள்ளாட்சி ஆய்வுக் குழுக்கள் கண்டுகொள்ளவில்லை என்று அவ்வறிக்கை குறிப்பிட்டது. குழுக்களுக்கு வேண்டிய துணையும் வழிகாட்டலும் தரப்பட வேண்டும். நேரில் சென்று பார்க்கும் உரிமையேனும், பார்ப்பவர்களோடு இணைந்து செயலாற்றும் முறையேனும் வேண்டும். வருகின்ற அறிக்கைகளை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்கலாகாது என்றும் அது எடுத்துரைத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஆராயப்படுபவர் தரும் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவரையே ஆராய முயல்வது, வழக்கில் எதிர்வாதியின் சொல்லைக் கேட்டே தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும். குழு மறுபக்கத்தையும் தேடிச் செல்ல வேண்டும். நோயாளியை, பயணியை, நூலகத்துக்கு நடந்து வரும் கிழவரைக் கேட்க வேண்டும். குழுத் தலைவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராயினும் தம் கட்சிக்காரரையே உறுத்தும் கேள்வியைக் கேட்கும் துணிவு பெற வேண்டும். 2017 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இவ்வேற்பாட்டை ஆராய்ந்தபோது, நிர்வாகத்துக்குக் கிடைக்கும் மதிப்புக்கு இணையான மதிப்பு ஆய்வுப் பணிக்கும் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 2019 மே மாதத்தில் அரசு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பொறுப்பேற்றவரிடம் கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வாரியத்தில் பணி செய்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று விலக்கியது. நம் காலத்தில், கொல்கத்தா மாநகராட்சிக்கென 1980ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மேயரும் அவருடைய குழுவும் ஆட்சி புரியும் முறையை வகுத்ததோடு, மாநகராட்சிக் கணக்குக் குழு ஒன்றையும் ஏற்படுத்தியது. மேயர் குழுவினர் அதில் இடம் பெறலாகாது. நிதித் துறையில் அறிவும் பழக்கமும் உடைய வெளியார் இருவர் வரை அதில் அமரலாம். ஆட்சி செய்பவர் வேறு, ஆராய்பவர் வேறு என்னும் கருத்து, இங்கிலாந்துச் சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டு நகரம் ஒன்றின் சட்டத்தில் இடம் பெற்றுவிட்டது. அங்கு வாழும் தமிழர் இதனை அறிந்திருத்தல் நலம்.

1993 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்று கூறுகிறது. சட்டம் இருந்தும், மன்றமே இல்லாமற்போன காலங்களும் உண்டு. சென்னை மாநகராட்சி 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி நடந்தது. மும்பையிலும் 2022 மார்ச் முதல் சில ஆண்டுகள் அதே நிலை நிலவியது. அதிகாரிகள் திறமையாகவே பணியாற்றியிருக்கலாம். ஆனால், அவர்களை எதிரே அமர்த்தி, ஏன் இவ்வாறு செய்தீர் என்று கேட்பதற்கு மக்களின் பிரதிநிதி ஒருவரும் அந்த அவையில் இல்லை.

நாம் என்ன செய்யலாம்? பிழைக்க வந்த ஊரில் வம்பு எதற்கு என்று ஒதுங்கும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. ஊர்க்காரர் பார்த்துக்கொள்வர் என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆயினும் அடைபட்ட சாக்கடை இன்னார் வீடு என்று பார்த்துப் பெருகுவதில்லை. வாழும் இடத்து வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்துகொள்வது முதற்கடமை. நம் வார்டின் உறுப்பினர் யார், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது அடுத்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நாட்டின் குடிமகன் எவரும் எந்த மாநிலத்து நகரமன்றத்திடமிருந்தும் தகவல் கோரலாம். ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அப்பகுதியின் ஆட்சிமொழியிலோ விண்ணப்பம் எழுதலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை வர வேண்டும். ஊர்மொழி எழுதத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இதற்குக் கைகொடுப்பர்.

நம் சங்கங்களும் இதில் பெரும்பணி ஆற்றலாம். பொங்கல் விழாவும் இசையரங்கும் நடத்தும் அதே மண்டபத்தில், மாதத்துக்கு ஒரு மாலை, அக்கம்பக்கத்து மராத்தியரையும் வங்காளியரையும் கன்னடியரையும் அழைத்து அமர்ந்து, எத்தனை நாள் நீர் வரவில்லை, எந்த மருந்தகம் எப்போது பூட்டிக் கிடந்தது என்று தேதியோடு எழுதி வைக்கலாம். வெறும் முறையீட்டை அதிகாரி எளிதில் மறுத்துவிடலாம். தேதியிட்ட குறிப்பை மறுப்பது கடினம். ஸ்டாஃபோர்டின் குழுக்களுக்கு இல்லாமற்போனது அத்தகைய குறிப்புத்தான். கேள்வி கேட்கும் குழு எந்த நகரத்தில் இருந்தாலும், அதன் கைக்கு உண்மையைக் கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் அந்நகரத்தில் வாழ்பவர்கள். அந்தக் கணக்கில் நாமும் அடக்கம்.