வண்டியைச் செருகும் நேரம்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் வரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் முடிந்து, காபிக்கு முன்னால் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு நம் கீழ்த்தளத்தில் மின்சார ஸ்கூட்டர் ஒன்றுதான் நின்றது. இன்று ஸ்கூட்டர் ஏழு, கார் மூன்று. அடுத்த தீபாவளிக்குள் இன்னும் இரண்டு பேர் மின்சாரக் கார் வாங்கப்போவதாகக் கேள்வி. இதில் சண்டை வருவதற்கு முன்பே பேசிவிடலாம் என்றுதான் இந்தப் பேச்சு. அரைச் சண்டை ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து கீழே தொங்கிய வயரை எல்லோரும் பார்த்தீர்கள். "பொது மீட்டரில் செருகினால் பணம் யார் கட்டுவது?" என்ற கேள்வியும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் ஓடியது.

பணக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை வண்டி செருகுகிறோம்?

"நாட்டில் அவ்வளவு கரண்ட் இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு இடிக்கப்போவது அனல்மின் நிலையத்தில் இல்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலும், அங்கிருந்து நம் கட்டிடத்துக்கு வரும் கேபிளிலும், மீட்டர் ரூம் பேனலிலும்தான் இடிக்கும். இருபத்து நான்கு வீட்டிலும் எல்லாச் சாதனமும் ஒரே நொடியில் ஓடாது என்ற நம்பிக்கையில்தான் அவற்றின் அளவைப் போட்டிருப்பார்கள். அது நியாயமான நம்பிக்கைதான். ஒரு வீட்டில் மிக்ஸி ஓடும்போது இன்னொரு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஏ.சி. கூட அறை குளிர்ந்ததும் விட்டு விட்டுத்தான் ஓடும். ஆனால் கார் அப்படியல்ல. சாதாரண 15 ஆம்ப்ஸ் பிளக்கில் செருகினாலே 3.3 கிலோவாட் வரை, மணிக்கணக்கில், இடைவெளியில்லாமல் இழுக்கும். சுவரில் பொருத்தும் சார்ஜர் என்றால் 7.4 கிலோவாட் வரை போகும். அதுவும் எல்லோரும் வீடு திரும்பும் மாலை ஏழு மணிக்கு, விளக்கும் ஏ.சி.யும் போடும் அதே வேளையில்.

பக்கத்து மாநிலத்தில் இது நடந்தது. 2024 ஏப்ரல், மே வெயிலில் கேரளத்தில் இரவு நேர மின்தேவை எகிறியது. 700-க்கும் மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்கள் பழுதானதாக அங்கே மின்துறை அமைச்சரே சொன்னார். முதல் காரணம் ஏ.சி.தான், பழியை முழுக்க வண்டிமேல் போட முடியாது. ஆனாலும் மாலை உச்ச நேரத்தில் வண்டிகளைச் சார்ஜ் செய்யாதீர்கள் என்று மின்வாரியம் மக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உற்பத்தி போதாமல் போவது ஒன்று. தெருவில் இருக்கும் பெட்டி சூடு தாங்காமல் போவது வேறொன்று. இரண்டாவதைத் தெருக்காரர்களே பெருமளவு தவிர்க்கலாம்.

எப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் எவ்வளவு ஓட்டுகிறோம்? சத்திரம் போய் வந்தால் பத்து கிலோமீட்டர். ஜங்ஷன் போய் வந்தால் இருபது. தாராளமாக முப்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் காருக்கு அன்றாடம் தேவை சுமார் 5 யூனிட். பத்துக் கார் இருந்தால் 50 யூனிட். பத்துப் பேரும் ஏழு மணிக்குச் செருகினால் கட்டிடத்தின் சுமை ஒரேயடியாக 33 கிலோவாட் கூடும். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்து, மீதி இரவெல்லாம் வண்டி சும்மா நிற்கும். அதே 50 யூனிட்டை நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை பங்கிட்டால் 8 கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஐந்தாறு ஏ.சி. ஓடும் சுமை, அவ்வளவுதான். வண்டியும் அதே, யூனிட்டும் அதே. மாறியது நேரம் மட்டும்.

இதற்கு யாரும் நடுராத்திரி கண்விழித்து கீழே இறங்க வேண்டாம். பல கார்களில் செயலியிலேயே தொடங்கும் நேரத்தைக் குறித்துவிடலாம். இல்லாதவர்கள் பிளக்குக்கு முன்னால் ஒரு டைமர் வைத்துக்கொள்ளலாம். வண்டிகள் கூடினால், கட்டிடத்தின் மொத்தச் சுமையைக் கவனித்து, வரிசைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சார்ஜர்கள் கடையிலேயே கிடைக்கின்றன. மார்கழி மட்டும் ஸ்ரீரங்கத்துக்கே உரிய சிக்கல். நாலு மணிக்கே வீட்டுக்கு வீடு கெய்சர் ஓடும். அந்த முப்பது நாளும் வண்டி வேலையை மூன்றரைக்குள் முடித்துவிட வேண்டும்.

இப்போது பணம். மீட்டர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில்தான் இருக்கின்றன. எனவே அவரவர் மீட்டரிலிருந்தே அவரவர் பார்க்கிங் இடத்துக்குத் தனி வயர் இழுப்பது இப்போதைக்கு எளிய வழி. யார் பணத்தை யார் கட்டுவது என்ற பேச்சே எழாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நாளுக்கு 5 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். இப்போது 300 யூனிட் ஓடும் வீடு 600-ஐத் தொடும். 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறும். கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறும். "பெட்ரோல் செலவே இல்லை" என்று கடைக்காரர் சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள். அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான். இன்னொன்று, நம் வீட்டு மீட்டரில் இப்போது பகலும் இரவும் ஒரே விலை. நள்ளிரவில் சார்ஜ் செய்தால் பில் குறையும் என்று நான் சொல்லவில்லை. ஃப்யூஸ் போகாது என்றுதான் சொல்கிறேன்.

வண்டிக்கென்றே தனி இணைப்பு கேட்டுப் பெற 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இடம் தருகின்றன. ஐந்தாறு கார் சேர்ந்தபின் சங்கம் அந்த வழியில் போகலாம். எதுவானாலும் ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுப்போம். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவதா, இன்னொன்று வைப்பதா என்று திட்டமிடுவது அவர்கள் வேலை. இந்தத் தெருவில் எத்தனை வண்டி வருகிறது என்று நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? சொல்லாமல் வயர் இழுத்துவிட்டு, மே மாதம் ஒரு ஃபேஸ் போனதும் லைன்மேனைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

மொட்டைமாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் வண்டி ஆபீஸில் நிற்கும், சோலார் எதற்கு என்று மற்ற ஊர்களில் கேட்பார்கள். இங்கே பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். கார் பகலெல்லாம் நிழலில்தான் நிற்கிறது! குடியிருப்போர் சங்கங்கள் பொது உபயோகத்துக்குப் போடும் சோலாருக்கு, வண்டி சார்ஜ் செய்வது உட்பட, பி.எம். சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வடாம் காயப்போடும் இடம் போய்விடும் என்ற கவலை எனக்கும் தெரியும். உயரமான சட்டம் அடித்தால் அடியில் காயப்போடலாம். என்ன, வெயில்தான் இருக்காது!

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2025-இல், வாடகைக் கார்களின் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை ஊருக்கே திருப்பித் தரும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நமக்கு அது அடுத்த கட்டம். முதலில் பால்கனி வயரை எடுப்போம்.

அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கார் சார்ஜ் செய்யக்கூடாது. தனி வயர், தனி எம்.சி.பி., கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர், ஒழுங்கான எர்த் நான்கும் இருந்தால்தான் பிளக். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருக்கிறோம். பிளக் இடுப்பு உயரத்துக்குக் கீழே வேண்டாம். எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் வேலையை வாட்ச்மேன் அட்டவணையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நம் கேபிள் இப்போது எவ்வளவு சுமக்கிறது என்று அளக்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். வரும் சனி, ஞாயிறு இரவு 7 முதல் 12 வரை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டர் ரூமில் மணிக்கொரு முறை கிளாம்ப் மீட்டரில் அளக்கப்போகிறோம். செயலாளரும் நானும் கூட இருப்போம். ஏ.சி.யை வழக்கம்போலவே போடுங்கள். எங்களுக்கு உதவுவதாக நினைத்து யாரும் அணைத்துவிட வேண்டாம்.