பந்தியும் ராட்டினமும்



கோடை வந்துவிட்டால் நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பெற்றோர்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள். போன இடத்தில் பேரப்பிள்ளைகளோடு ஒரு தீம் பார்க் பயணம் கட்டாயம் உண்டு. மேற்குக் கரை என்றால் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், கிழக்கு என்றால் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ. திரும்பி வந்தவர்களைக் கேட்டால் ராட்டினங்களைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அதை ஏன் கேட்கிறீர்கள், ஏதோ ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும்” என்று முடித்துக்கொள்வார்கள்.

இன்று நான் பேச வந்திருப்பது அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான். இப்படிப்பட்ட பயணத்தில் சாப்பாட்டு மேஜைக்கு உரிய இடத்தை நாம் கொடுப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் பழைய தீம் பார்க்குகளில் ஒன்று தோன்றியதே ஒரு பெண்மணியின் அடுப்பிலிருந்துதான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்மணியின் பெயர் கார்டீலியா நாட். கணவர் வால்ட்டர் நாட். 1911-இல் மணம் முடித்தவர்கள். மொஹாவி பாலைவனத்தில் நிலம் பிடித்து விவசாயம் செய்து பார்த்தார்கள். அந்த மண் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. 1920-இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் பியூனா பார்க் என்ற ஊருக்கு வந்து, குத்தகை நிலத்தில் பெர்ரிப் பழம் பயிரிட்டார்கள். பறித்த பழத்தைச் சாலையோரக் கடையில் வைத்து விற்றார்கள். கார்டீலியா ஜாம் காய்ச்சினார், பழம் பொதிந்த பலகாரங்கள் சுட்டார், வருகிறவர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு சின்ன அறையும் நடத்தினார்.

வால்ட்டருக்குச் செடிகொடிகள் என்றால் உயிர். ருடால்ஃப் பாய்சன் என்பவர் பல பெர்ரி வகைகளைக் கலந்து ஒரு புது வகையை உருவாக்கிவிட்டு, அதைத் தொடர்ந்து வளர்க்காமல் விட்டிருந்தார். அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் டாரோ அந்தக் கொடிகளைத் தேடி வந்தபோது வால்ட்டரும் துணைக்குப் போனார். களை மண்டிய ஓர் இடத்தில் வாடிக் கிடந்த சில கொடிகள் கிடைத்தன. அவற்றைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டுப் பிழைக்கவைத்தார். 1932-இல் பழம் விற்பனைக்கு வந்தது. கட்டைவிரல் பருமனுக்கு, கருஞ்சிவப்பு நிறத்தில், சாறு வழியும் பழம். பாய்சன்பெர்ரி என்று, உருவாக்கியவர் பெயரையே அதற்கு வைத்தார். தான் பிழைக்கவைத்த பழத்துக்கு இன்னொருவர் பெயரைச் சூட்டிய அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அது பொருளாதார மந்தக் காலம். பழ வருமானம் மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. 1934-இல் ஒரு மாலை, தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து வைத்து, எட்டுப் பேருக்குப் பொரித்த கோழிச் சாப்பாடு போட்டார் கார்டீலியா. விலை 65 சென்ட். கோழியோடு மசித்த உருளைக்கிழங்கு, காய்கறி, அடுப்பிலிருந்து சுடச்சுட வரும் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டி, கடைசியில் பெர்ரிப் பலகாரம். சாப்பிட்டவர்கள் ஊருக்கெல்லாம் சொன்னார்கள். சில ஆண்டுகளிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கில் கூட்டம். ஒரு மேஜை கிடைக்க மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். கூட்டம் சேர்ந்துவிட்டால் பல கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்? விலையை ஏற்றுவார்கள், அல்லது “நின்றால் நில்லுங்கள்” என்று விட்டுவிடுவார்கள். வால்ட்டர் நாட் அந்த வரிசையில் நிற்பவர்களைப் பற்றி யோசித்தார். வெயிலில் குழந்தையோடு நிற்கிறார்களே, இவர்கள் பார்த்து மகிழ ஏதாவது வேண்டாமா? பாறைத் தோட்டம் போட்டார். சின்ன அருவி விழச் செய்தார். கண்ணாடிக்குப் பின்னால் தேனீக்கள் வேலை செய்வதைப் பார்க்க ஒரு கூடு வைத்தார். புகை விடும் குட்டி எரிமலை ஒன்று கட்டினார். பழைய இசைப் பெட்டிகளைச் சேர்த்து வைத்தார். 1940-இல் இன்னும் பெரிதாக ஒரு காரியத்தில் இறங்கினார். அவருடைய பாட்டி கூண்டு வண்டியில் பாலைவனம் கடந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். அந்த முன்னோர்களின் நினைவாக, கைவிடப்பட்ட பழைய சுரங்க ஊர்களிலிருந்து கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து ‘கோஸ்ட் டவுன்’ என்ற பழங்காலத் தெருவையே எழுப்பினார். கொல்லன் பட்டறை, பள்ளிக்கூடம், மதுக்கடை என்று எல்லாம் அதில் உண்டு.

நடந்து பார்க்கக் காசு கிடையாது. சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை சுற்றிப் பார்க்கத்தான் அது. பிறகு 1952-இல் நீராவி ரயில் வந்தது. 1960-இல் சுரங்கத்துக்குள் போகும் ரயில், 1969-இல் மரக்கட்டைப் படகு நீரில் சறுக்கி விழும் சவாரி. பட் ஹர்ல்பட் என்ற அருமையான வடிவமைப்பாளர் கட்டிய அந்த இரண்டும் இன்றும் ஓடுகின்றன. 1968-இல்தான் சுற்றிலும் வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்று இன்று உலகம் அறிந்த தீம் பார்க் அதுதான். 1997-இல் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. கார்டீலியாவின் கோழிச் சாப்பாட்டு உணவகம் மட்டும் அவர் பெயரிலேயே, நுழைவாயிலுக்கு வெளியே, இன்னும் நடக்கிறது. அங்கே சாப்பிட நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. வசந்த காலத்தில் பாய்சன்பெர்ரித் திருவிழா நடக்கும்போது போனால், அந்தப் பழத்தை ஜாமாக, ஐஸ்கிரீமாக, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பாக, எத்தனையோ விதமாகச் சுவைக்கலாம்.

நாட்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அனஹைம். அங்கேதான் 1955 ஜூலை 17 அன்று வால்ட் டிஸ்னி தன் டிஸ்னிலேண்டைத் திறந்தார். அன்றைய தினம் பெரும் குழப்பமாகிப் போனது. போலி அழைப்புச் சீட்டுகளோடு ஏராளமானோர் புகுந்துவிட்டார்கள். சாப்பாடு தீர்ந்துபோனது. குழாய் வேலையாட்களின் வேலைநிறுத்தத்தால் போதுமான குடிநீர்க் குழாய்களைப் பொருத்த முடியவில்லை. தாகத்தோடும் பசியோடும் இருக்கிறவனுக்கு எந்த அதிசயமும் கண்ணில் படாது. கல்யாண வீட்டில் பந்தி கவனிப்பு சரியில்லை என்றால் நாதஸ்வரம் எவ்வளவு நன்றாக இருந்தும் வந்தவர்கள் மனசு நிறையாதே, அந்த மாதிரி.

வால்ட் டிஸ்னி அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டார். உணவும் காட்சியும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப முயன்றார். 1963-இல் திறந்த ‘என்சான்டட் டிக்கி ரூம்’ அப்படி ஒரு முயற்சி. இயந்திரக் கிளிகள் கூரையிலிருந்து பாடும். கீழே மக்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முதலில் போட்ட திட்டம் அதுதான். ஆனால் பாட்டைக் கேட்டுக்கொண்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அடுத்தவருக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்ததும், உணவகத் திட்டத்தைக் கைவிட்டு அதை வெறும் காட்சியாக மாற்றினார்கள். இன்றைக்கு அதன் வாசலில் அன்னாசிச் சுவையில் டோல் விப் என்ற குளிர்ந்த இனிப்பு விற்கிறது. அதற்கு நிற்கும் வரிசையும் நீளமானதுதான்.

அந்தக் கனவு முழுமையாகக் கைகூடியது 1967-இல், ‘பைரட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகுச் சவாரியோடு. அதற்குள் டிஸ்னி காலமாகிவிட்டார். கடற்கொள்ளையர் உலகத்துக்குள் படகு புறப்பட்டதும், இருட்டில் கண்ணால் துழாவினால், நீரோரத்தில் விளக்குகளும் மேஜைகளும் தெரியும். ‘ப்ளூ பேயூ’ என்ற உணவகம். வெளியே நடுப்பகல் வெயில் கொளுத்தும். உள்ளே எப்போதும் முன்னிரவு. மின்மினிகள் பறக்கும், தவளை கத்தும். சாப்பிடுகிறவர்களுக்குப் படகில் போகிறவர்கள் காட்சி; படகில் போகிறவர்களுக்குச் சாப்பிடுகிறவர்கள் காட்சி. சாப்பாடு விலை அதிகம்தான். ஆனால் காலையிலிருந்து நடந்து களைத்த ஒரு பாட்டிக்கு, குளிர்ந்த அறையில், நாற்காலியில், ஒரு மணி நேரம் அந்த மாலை வெளிச்சத்தில் உட்காரக் கிடைப்பது, அவர் ஏற முடியாத பத்து ரோலர் கோஸ்டரை விடப் பெரிது.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான் நேயர்களே. நம் குடும்பங்கள் தீம் பார்க் போனால் என்ன நடக்கிறது? டிக்கெட் விலை அதிகம் என்பதால் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்று ஓடுகிறோம். இளைஞர்களும் பிள்ளைகளும் சவாரி ஏறுகிறார்கள். தாத்தா பாட்டியும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும், வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பகல் இரண்டு மணிக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்து, கிடைத்த கடையில் கிடைத்ததை நின்றபடி விழுங்குகிறோம். குடும்பம் முழுவதும் சேர்ந்து அனுபவிக்கக்கூடிய ஒரே காட்சி அந்தச் சாப்பாட்டு மேஜைதான். அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

சில நடைமுறைச் செய்திகள். டிஸ்னி பூங்காக்களில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு அறுபது நாட்களுக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம். நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஃப்ளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை அடிக்கடி வரும். அப்போது திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அங்கே நிதானமான சாப்பாட்டைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். காலையில் வெயிலுக்கு முன் சவாரிகளை முடித்துவிட்டு, பதினொரு மணிக்கே சிற்றுண்டி சாப்பிட்டால் கூட்டமும் இருக்காது. வேகச் சவாரிக்குச் சற்று முன்பு வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்வதால்தான் குமட்டல் வருகிறது; நிறைந்த வயிறு அதைக் கூட்டும்.

சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம்; மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம். டிஸ்னி உணவகங்களில் சொன்னால் சமையல்காரரே மேஜைக்கு வந்து பேசுவது உண்டு. வீட்டில் செய்த சாப்பாட்டையும் டிஸ்னி பூங்காக்களுக்குள் எடுத்துப் போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரையும் சப்பாத்தியும் தாராளமாகக் கொண்டு போங்கள். விரைவு உணவுக் கடைகளில் கேட்டால் குளிர்ந்த குடிநீர் இலவசமாகத் தருவார்கள். மற்ற பூங்காக்களில் விதி வேறாக இருக்கும். அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு இரண்டு இடங்களை மனதாரப் பரிந்துரைக்கிறேன். 1982-இல் திறந்த, டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ‘லிவிங் வித் த லேண்ட்’ என்ற படகுச் சவாரி. அவசரமே இல்லாமல், மண் இல்லாமல் காய்கறி வளர்க்கும் பசுங்குடில்களின் நடுவே போகும். அங்கே விளைவதில் ஒரு பகுதி பூங்காவின் உணவகங்களுக்கே போகிறது. விவசாயம் தெரிந்த அப்பாக்கள் அதைப் பார்க்கும்போது கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அதே கட்டடத்தில் மெதுவாகச் சுழலும் ‘கார்டன் க்ரில்’ உணவகமும் உண்டு. இரண்டாவது, டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் இருக்கும் ‘சனா’. ஆப்பிரிக்க, இந்தியச் சமையல் இரண்டும் கலந்த உணவகம். ‘நான்’ முதலான ரொட்டி வகைகளோடு பலவகைச் சட்னிகள் வரும். ஜன்னலுக்கு அப்பால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். இது விடுதியில் இருப்பதால் பூங்கா டிக்கெட் தேவையில்லை. மேஜையை மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளலாம். நாட்ஸுக்கும் டிஸ்னிலேண்டுக்கும் எட்டும் தூரத்தில் ஆர்ட்டீசியா என்ற ஊர். அங்கே பயனியர் புலவார்ட் என்ற தெரு ‘லிட்டில் இந்தியா’ என்றே பெயர் பெற்றது. புடவைக் கடை, மளிகைக் கடை, இந்திய உணவகங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. பகல் முழுக்க வேற்றுச் சுவையைப் பழகிய நாக்குக்கு இரவு அங்கே ஆறுதல் கிடைக்கும்.

பயணத் திட்டம் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சவாரி முதலில் என்று கணினியில் தேடுவதற்கு முன்னால், அப்பா அம்மாவுக்கு எத்தனை மணிக்குப் பசிக்கும், என்ன ஒத்துக்கொள்ளும், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேளுங்கள். அதற்கேற்ற மேஜையை முதலில் பதிவு செய்யுங்கள். மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.