பூட்டிய ஏடு
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மின்னூலுக்கு நகல் தடுப்புப் பூட்டு வேண்டுமா என்பதே என் பேசுபொருள். தம் கவிதைகளை மின்னூலாக்க எண்ணும் ஒவ்வொருவரும் விடைகாண வேண்டிய வினா இது.

மின்னூலின் எளிமையை மறுப்பார் இலர். நள்ளிரவில் விரும்பிய நூல் மறுநிமிடமே கைக்கு வருகிறது. 2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் தமிழுக்கும் இடமளித்தது. விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் கவிஞருக்கு இது பெரும் வரமே.

ஆயின், வாங்கிய நூல் நமக்கு உரியதா? அச்சு நூலை நண்பருக்குத் தரலாம். மகளுக்கு விட்டுச் செல்லலாம். பூட்டிய மின்னூலை அவ்வாறு தர இயலாது. நாம் பெறுவது நூலை அன்று. படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' உள்ளிட்ட இரு நாவல்களை, விற்றவருக்கு உரிமையில்லை எனக் கண்டு, வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசான் நீக்கியது. பணம் திரும்பி வந்தது, நூல் போயிற்று. பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் இதுவே நிகழ்ந்தது.

எழுதியவர் உழைப்புக்குக் காவல் வேண்டாவா எனக் கேட்பீர்கள். வேண்டும், கள்ளப் படி எடுப்பது களவே. ஆனால் பூட்டை உடைக்க அறிந்தவன் ஒருமுறை உடைத்தால் போதும். பூட்டற்ற படி எங்கும் பரவிவிடும். பூட்டின் சுமையோ விலை கொடுத்து வாங்கிய நேர்மையாளர் தலையில் விழுகிறது. அறிபுனை நூல்களை வெளியிடும் டார் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களின் பூட்டை அகற்றியது. களவு குறிப்பிடும்படி பெருகவில்லை என்று மறு ஆண்டே அறிவித்தது.

நம்மிடையே 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைப் பூட்டின்றி இலவசமாகவே வழங்கி வருகிறது. வாழும் கவிஞர் இலவசமாகத் தரவேண்டும் என்று நான் கூறவில்லை. விலை வைப்பது அவர் உரிமை. அவ்விலை எளியவர்க்கும் எட்டுவதாக இருக்கட்டும். வாங்கிய நூல் வாங்கியவரிடமே இருக்கட்டும்.

பழைய சுவடிகள் பிழைத்தது படியெடுப்பார் இருந்ததால். கவிதைக்குக் களவினும் பெரும்பகை, படிப்பார் இன்மையே. மின்னூலைப் பதிவேற்றும்போது பூட்டு வேண்டுமா என அமேசான் உங்களைக் கேட்கும். வேண்டா என்று குறியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.