பிள்ளைகள் செய்தியா, செய்தியாளர்களா?



இந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தின் அழைப்பிதழில் 'ஊடகமும் கல்வியும் இளைஞர் நலனும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். செல்போனை நாலு திட்டு திட்டிவிட்டு, கலாம் சொன்ன கனவை நினைவூட்டிவிட்டு, இருபது நிமிடத்தில் இறங்கிவிடக்கூடிய தலைப்பு. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அடுத்த வாரம் பிளஸ் டூ ரிசல்ட். இந்த மண்டபத்திலேயே சில வீடுகளில் இப்போது சோறு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பள்ளிக்கூடமும் பத்திரிகையும் கைகோத்து நம் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று பார்க்க அதைவிடத் தோதான நாள் கிடையாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ரிசல்ட் அன்று பஸ் ஸ்டாண்டில் மாலைப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். கயிற்றை அறுப்பதற்குள் கூட்டம் மொய்க்கும். உள்ளே பக்கம் பக்கமாக வெறும் எண்கள். பெயர் கிடையாது, மார்க் கிடையாது. உன் எண் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. எண் இல்லாத பையன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்க்கோடி வரை நடந்துவிட்டு, இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவான். கொடுமைதான். ஆனாலும் அவன் தோற்றது அவனுக்கும் அவன் எண்ணைத் தெரிந்த நாலு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலைப் பத்திரிகை வேறு மாதிரி. முதல் பக்கத்தில் படம் இருக்கும். மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாணவிக்கு அம்மா லட்டு ஊட்டுகிறார், அப்பா பக்கத்தில் நின்று சிரிக்கிறார், தலைமையாசிரியர் எப்படியோ படத்துக்குள் வந்துவிடுகிறார். 'டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்' என்று கீழே ஒரு வரி. எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள்! எல்லாரும் ஒரே வரியைச் சொன்னார்களா, நிருபர் எழுதிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. இங்கே பத்திரிகை நண்பர்கள் நிற்கிறார்கள்.

அந்தப் படம் பார்ப்பதற்கு அழகுதான். அது பள்ளிக்கூடத்துக்குள் போய் என்ன செய்தது? அந்தப் படம் வந்தால் அடுத்த ஜூன் மாதம் அட்மிஷனுக்கு வரிசை நிற்கும். வரிசை நின்றால் கட்டணத்தை ஏற்றலாம். ஆகவே பள்ளிகள் படத்துக்காகப் பாடம் நடத்த ஆரம்பித்தன. பதினோராம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே இல்லை; இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் அதே கதை. விடியற்காலை ஸ்டடி, இரவு ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். விளையாட்டுப் பிரியடும் நூலகப் பிரியடும் கால அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு ஆண்டு ஒரு கதைப் புத்தகம் படிக்காமல், ஒரு சண்டை போட்டுச் சமாதானமாகாமல், ஊர்த் திருவிழா பார்க்காமல் வளர்ந்தது. சென்டம் வாங்கியது. கல்லூரிக்குப் போய் முதல் செமஸ்டரில் அடிப்படை தெரியாமல் முழித்தது.

2017 மே மாதம் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. செங்கோட்டையன் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர், உதயச்சந்திரன் செயலாளர். இனிமேல் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று பட்டியல் வெளியிட மாட்டோம் என்று அறிவித்தார்கள். பத்தாம் வகுப்புக்கும் அப்படியே. யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் பாராட்ட வேண்டிய முடிவு. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அந்தப் புத்தகத்தைத் திறக்க வைக்க அப்போது வேறு வழி தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பாரம்தான். ஆனால் பதினோராம் வகுப்புப் புத்தகம் மறுபடியும் அலமாரிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கும் பெற்றோர்கள்தான்.

பட்டியல் நின்றதா என்றால், அரசாங்கத்தில் நின்றது. ஊரில் நிற்கவில்லை. ரிசல்ட் வந்த மூன்றாம் மணி நேரத்தில் பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். உள்ளூர் சேனல்காரர் மைக்கோடு வந்துவிடுகிறார். 2023இல் ஒரு மாணவி 600க்கு 600 வாங்கினார். அந்தப் பிள்ளையின் உழைப்பு சாதாரணமல்ல, மனமாரப் பாராட்டுவோம். ஆனால் அன்று முழுவதும் எந்தத் திரையைத் திறந்தாலும் அந்த ஒரே முகம். அரசு கதவைச் சாத்தியது. நாம் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தோம்.

2025ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பிளஸ் டூ எழுதியவர்கள் ஏறத்தாழ 7 லட்சத்து 92 ஆயிரம் பேர். தேர்ச்சி 95.03 விழுக்காடு. பெருமையான கணக்கு. மீதி எத்தனை பேர்? சுமார் 39 ஆயிரம். ஒரு நகராட்சியின் மக்கள்தொகை அளவுக்குப் பிள்ளைகள், ஒரே காலை நேரத்தில், தனித்தனியாக, கையில் இருக்கும் போனில் குறுஞ்செய்தி பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் தோளில் கை போட ஒருவனாவது இருந்தான். இப்போது கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறான். வெளியே வந்தால் டி.வி.யில் லட்டு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு அன்று தெரிய வேண்டிய செய்தி வேறு. துணைத்தேர்வு ஜூன் மாதமே வந்துவிடும், எழுதி முடித்தால் இதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம், ஒரு வருடம்கூட வீணாகாது. மறுகூட்டலுக்கு வழி இருக்கிறது. 14417இல் கல்வித்துறை உதவி மையம் இருக்கிறது. மனசு தாங்கவில்லை என்றால் 14416, 104 என்று இரண்டு எண்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், பணம் கிடையாது. இதெல்லாம் ஏழாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் வருகிறது. அதற்கு அடுத்த நாள், ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால், அது மட்டும் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. படத்தோடு, வீட்டு முகவரி தெரிகிற மாதிரி, 'தேர்வில் தோல்வி: மாணவி எடுத்த முடிவு' என்று. ஒரு உயிர் போவதற்கு ஒரே ஒரு காரணம்தான் என்று அந்தத் தலைப்பு பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எழுதுகிற விதம் உயிரைக் காப்பாற்றும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரத்தில் 1980களில் சுரங்க ரயில் நிலையங்களில் தற்கொலைகள் கூடிக்கொண்டே போயின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பரபரப்பாகப் போட்டன. 1987இல் அங்கே இருந்த தற்கொலைத் தடுப்புச் சங்கத்து மருத்துவர்கள் பத்திரிகைகளிடம் போய், தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள், முதல் பக்கத்தில் போடாதீர்கள், விவரிக்காதீர்கள் என்று ஒரு வழிகாட்டுதல் கொடுத்தார்கள். பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன. அந்த ஆண்டின் பின்பாதியிலேயே எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிட்டது. தலைப்பை மாற்றினார்கள். நம் நாட்டிலும் 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றம் இதே வழிகாட்டுதலை ஏற்றுக்கொண்டது. முதல் பக்கம் கூடாது, படம் கூடாது, விதத்தை விவரிக்கக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எழுதுகிறவர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்ததா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, பத்திரிகையைச் சொல்லியாகிவிட்டது. ஆசிரியர்களை விட்டுவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். இப்போது சில வகுப்பறைகளில் புதிய வியாதி, ரீல்ஸ். சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற ஒன்றாம் வகுப்புக் குழந்தை, வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்கிற மூன்றாம் வகுப்புப் பையன், எல்லாரையும் படமெடுத்துப் பாட்டுப் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். லட்சம் பேர் பார்த்துச் சிரிக்கிறார்கள். டீச்சருக்கு லைக். அந்தப் பையன் பத்தாம் வகுப்புக்கு வரும்போது எவனாவது ஒருவன் அந்த வீடியோவைத் தோண்டி எடுப்பான். தப்பாகச் சொல்வதற்குத்தானே அய்யா வகுப்பறை? தப்புச் செய்தால் உலகம் பார்க்கும் என்று தெரிந்த குழந்தை வாயைத் திறக்குமா? நல்ல நோக்கத்தோடு பாடத்தை வீடியோவாக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் காமிராவைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

ஐ.நா. சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. அதில் 16ஆம் பிரிவு, குழந்தைக்கு அந்தரங்கம் உண்டு என்கிறது. 13ஆம் பிரிவு, குழந்தைக்குத் தன் கருத்தைச் சொல்லவும் எழுதவும் அச்சிடவும் உரிமை உண்டு என்கிறது. நாம் இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். பிள்ளையை ஊர் முழுக்கக் காட்டுகிறோம். பிள்ளை பேச வந்தால் வாயை மூடு என்கிறோம்.

நான் சொல்ல வந்ததே இதுதான். ஊடகத்தால் பிள்ளை கெடுகிறதா வளர்கிறதா என்பது, அந்தப் பிள்ளை காமிராவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. போன் இனிமேல் போகாது. 2024 'அசர்' கல்வி ஆய்வில், கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிகிறது. அப்படித் தெரிந்தவர்களில், முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 100க்கு 57 பேர், சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 பேர். கையில் இருக்கிறது. பார்க்க மட்டும் பழக்கினோம், செய்யப் பழக்கவில்லை.

நம் ஊரில் செய்யப் பழக்கிய மரபு இருந்தது. கையெழுத்துப் பத்திரிகை என்று ஒன்று உண்டு. நாலு பையன்கள் சேர்ந்து, அழகாக எழுதுகிறவன் ஒருவன், படம் வரைகிறவன் ஒருவன், காசு வசூலிக்கிறவன் ஒருவன் என்று ஒரே ஒரு பிரதி தயார் செய்து தெரு முழுக்கச் சுற்றுக்கு விடுவார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழை ஆரம்பித்தது. இப்போது பள்ளிக் கல்வித்துறையே 'புது ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் அனுப்புகிறது. அவற்றில் மாணவர்கள் எழுத இடம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்தக் கட்டைப் பிரித்துவிட்டார்களா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.

இங்கே பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சுவர்ப் பத்திரிகை நடக்கிறது. பள்ளி பெயரைச் சொன்னால் நாளைக்கு அங்கேயும் காமிரா போய்விடும், அதனால் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலை உணவு சமைக்கும் அக்காவைப் பேட்டி எடுத்திருந்தாள். 'அக்கா தினமும் நிறைய ரவை கிண்டுகிறார்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் 'நிறைய' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அவள் மறுநாள் காலை சீக்கிரம் வந்து, சமையல்கூடத்தில் நின்று அளவைப் பார்த்து, எத்தனை பிள்ளைகள் என்று ரெஜிஸ்டரைக் கேட்டு, ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொண்டு வந்தாள். கணக்கு ஒரு தடவை தப்பி, அடித்துத் திருத்தியிருந்தாள். கூடவே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள்: அந்த அக்கா காலை நாலரைக்கு எழுந்திருக்கிறார் என்று. அதை யாரும் கேட்கச் சொல்லவில்லை. அவளாகக் கேட்டிருக்கிறாள். பார்ப்பது, கேட்பது, சரிபார்ப்பது, எதிரில் இருப்பவர் ஒரு மனுஷி என்று தெரிந்துகொள்வது, எல்லாம் அந்தச் சார்ட் அட்டையில் இருந்தது. வாட்ஸப்பில் வருகிற வதந்தியை அவள் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டாள் என்று நினைக்கிறேன். 'எவ்வளவு?' என்று கேட்பாள்.

இதற்குப் பணம் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம். சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, வாரத்தில் ஒரு பிரியடு. பிறகு ஒரு துணிச்சல்: தலைமையாசிரியருக்குப் பிடிக்காத செய்தியும் ஒட்டப்படும், கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு நாள் அதில் வரும். அதைக் கிழிக்காமல் குழாயைச் சரிபார்த்தால் போதும்.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். பத்திரிகை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் ரிசல்ட் அன்று முதல் பக்கத்தில் லட்டுப் படத்துக்கு மேலே ஒரு கட்டம் கட்டுங்கள். துணைத்தேர்வுத் தேதி, விண்ணப்பிக்கக் கடைசி நாள், நான் சொன்ன மூன்று எண்கள். பெரிய எழுத்தில். உங்கள் முதலாளி விளம்பர இடம் போகிறதே என்று சொன்னால், வாசகர் வட்டத்தினர் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

பள்ளி நிர்வாகிகளுக்கு: இந்த ஆண்டு ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள். அந்தக் காசில் நூலகத்துக்கு 'துளிர்' சந்தா கட்டுங்கள்.

நம் நூலகர் இன்று காலை ஒரு காரியத்துக்குச் சம்மதித்திருக்கிறார். வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையின் பாதியை வரும் மாதம் முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதாக. எழுத விரும்புகிற தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் அவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பாஸ், ஃபெயில் எல்லாம் கேட்கமாட்டார்.