வாய் காய்ந்தால் கட்டுப்பல் நிற்காது
(பள்ளிமுனை பெருக்க மரத்தடியில் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



மடு மாதாவைக் கும்பிட்டுவிட்டு வந்து, இந்தப் பெருக்க மரத்து நிழலில் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். நம்மோடு வந்த ஒரு அம்மாயி சாப்பிடவில்லை. கட்டுப்பல்லைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தார். கேட்டோம். "பல்லு ஆடுது, ஈறு புண்ணாக் கெடக்கு" என்றார். பார்த்தால் வாய் காய்ந்து கிடக்கிறது.

கட்டுப்பல்லை ஈறோடு ஒட்ட வைப்பது எச்சில்தான். இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளுமே, அதுபோல. எச்சில் வற்றினால் பல் ஆடும், ஈறில் உராயும், புண்ணாகும்.

வெயில் மட்டும் காரணமில்லை. சீனி வியாதியும், பிரஷர் குளிசை சிலவும் வாயைக் காய வைக்கும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள்.

இந்த மரம் அடிமரத்தில் தண்ணீர் சேர்த்து வைக்கும். நமக்கு அது முடியாது. மடக்கு மடக்காகக் குடியுங்கள். பல்லை நனைத்துப் போடுங்கள். இரவில் கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சுடுதண்ணீரில் போட்டால் பல் கோணிப்போகும். வெற்றிலை போடுகிறவர்கள் பாக்கையும் புகையிலையையும் விடுங்கள். அவை வாய்ப்புற்றைக் கொண்டுவரும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் பல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாயிக்குத் தண்ணீர் கொடுத்து, சோற்றைக் குழம்பு விட்டுக் குழைத்துக் கொடுத்தோம். சாப்பிட்டார். லயத்தில் இப்படி யாரும் வெட்கத்தில் பட்டினி கிடக்கிறார்களா என்று பாருங்கள், எங்களிடம் சொல்லுங்கள்.