எண்ணெய் டின்னுக்கு ஏன் ரெண்டு ஓட்டை?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல, "வாடகை வீட்டு பாத்ரூம்ல நாத்தம் வருது, என்ன பண்றது"ன்னுதான் இருந்துச்சு. அதனால இன்னைக்கு எங்க வீட்டுக் கதை. இதுல தப்பு பண்ணவன் நான்தான், முன்னாடியே சொல்லிடுறேன்.

சிவகாசியில எங்க அப்பத்தா வீடு. கட்டினப்போ தெருவைவிட ரெண்டு படி உயரம். இப்போ தெருவிலிருந்து ரெண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள்ள போகணும். வீடு கீழ இறங்கல, ரோடு ஏறிடுச்சு. பழைய தாரைச் சுரண்டாம அதுக்கு மேலேயே மறுபடி மறுபடி போட்டா வேற என்ன ஆகும்? சுரண்டி எடுத்துட்டு பழைய மட்டத்துலயே ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். எங்க தெரு அதுக்கு முன்னாடியே ஏறி முடிச்சிருந்தது. வெளிநாட்டுப் படத்துல பேஸ்மென்ட் பாத்ரூம் பார்ப்போமே, நம்ம ஊர்ல ரோடு போட்டே அதைச் செஞ்சுட்டோம்.

பாத்ரூம்ல ரெண்டு பிரச்சினை. மழை பெஞ்சா குளிக்கிற தண்ணி வெளியே போகாது. தெரு வாய்க்கால் தண்ணி தரையில இருக்கிற நானி ட்ராப் வழியா உள்ளே வரும். இன்னொண்ணு, மழை இல்லாத நாள்லயும் நாத்தம். டாய்லெட்ல தண்ணி ஊத்தினா 'களக் களக்'னு சத்தம்.

வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னாங்க: பாத்ரூம் தரையை ரெண்டடி தூக்கிடுங்க. தண்ணிக்கு அது சரி. அப்பத்தாவுக்கு முட்டி வலி. ராத்திரி மூணு மணிக்கு அவங்க எப்படிப் படி ஏறுவாங்க?

செப்டிக் டேங்க்ல அடைப்பா இருக்கும், ஒரு ஆளை இறக்கிப் பார்த்துடலாம்னும் ஒருத்தர் சொன்னார். நானும் தலையாட்டினேன். நல்ல வேளை, அன்னைக்கு வந்த பிளம்பர் அண்ணாச்சி டேங்க் பக்கமே போகல. நேரா மொட்டை மாடிக்கு ஏறினார். வென்ட் பைப்பைப் பார்த்துட்டு, "தம்பி, இதுக்கு யாரு மூடி போட்டது?"ன்னு கேட்டார்.

நான்தான். காலேஜ் படிக்கும்போது மாடியில படுப்பேன். கொசு, நாத்தம். என்ட் கேப் வாங்கி பசை தடவி ஒட்டிட்டேன். அப்புறம் அதை மறந்தே போனேன்.

அவர் விளக்கினது ரொம்ப எளிமை. "எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெய் ஒழுங்கா விழுமா? காத்து போக எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடுறோம்ல?" விருதுநகர்ப் பக்கத்து ஆளுக்கு இதைவிட எப்படிச் சொல்றது!

டாய்லெட்டுக்கு அடியில வளைஞ்ச குழாய் இருக்கும், அதுதான் ட்ராப். அந்த வளைவுல நிக்கிற ரெண்டு இஞ்ச் தண்ணிதான் நமக்கும் டேங்க் வாயுவுக்கும் நடுவுல இருக்கிற கதவு. 1775ல லண்டன்ல அலெக்சாண்டர் கம்மிங்னு ஒரு கடிகாரக்காரர் இந்த வளைவு வச்ச கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா அந்தத் தண்ணிக் கதவு ரொம்ப லேசு. தண்ணி வேகமா இறங்கும்போது பின்னாடி காத்து வரலைன்னா, அது ட்ராப் தண்ணியையும் சேர்த்து உறிஞ்சிடும். டேங்க்ல வாயு சேர்ந்து போக வழி இல்லைன்னா, ட்ராப் வழியா கொப்புளிச்சு மேல வரும். அந்த 'களக்' சத்தம் அதுதான். என் மூடி ரெண்டையும் செஞ்சிருக்கு.

அந்த டேங்குக்குள்ளதான் ஒரு மனுஷனை இறக்கலாம்னு பேசிட்டு இருந்தோம். அங்க இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை வாசம். அளவு கூடினா மூக்கு மரத்துடும், வாசமே தெரியாது. வாசம் இல்லையேன்னு இறங்குறவர் மேல வர மாட்டார், அவரைத் தூக்கப் போறவரும் வர மாட்டார். 2013ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கினா, முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை ஜெயில். இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். 2023ல உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமா உயர்த்துச்சு. டேங்க் நிரம்பினா லாரியைக் கூப்பிடுங்க. உதவி எண் 14420.

மூடியை அறுத்து எடுத்தோம். பைப்பை இன்னும் உயர்த்தி, மாடியில நிக்கிறவங்க தலைக்கு நல்லா மேல கொண்டுபோய், கொசு வலை கட்டி குல்லா மாட்டினோம். 'களக்' அன்னைக்கே நின்னுடுச்சு.

குளிக்கிற தண்ணிக்கு அண்ணாச்சி வேற வழி பண்ணார். தரை மட்டம் அப்படியே இருக்கட்டும். பாத்ரூமுக்கு வெளியே அதைவிடத் தாழ்வா ஒரு சின்னத் தொட்டி. பத்தடி பைப்புக்கு மூணு இஞ்ச் வாட்டம் கொடுத்து தண்ணி அதுல விழுது. உள்ளே மிதவை சுவிட்ச் வச்ச மோட்டார். தண்ணி ஏறினா தானா ஓடி தெரு மட்டத்துக்குத் தூக்கிடும். போன தண்ணி திரும்பாம ஒரு நான் ரிட்டர்ன் வால்வ். தொட்டிக்கு இறுக்கமான மூடி, அதுக்கும் தனியா ஒரு வென்ட் பைப். நான் ஏற்கெனவே பாடம் படிச்சுட்டதால "இதுக்கும் எதுக்கு?"ன்னு கேக்கல. மோட்டார் தண்ணியை இழுக்கும்போது அந்த இடத்துக்குக் காத்து வரணும், இல்லைன்னா நானி ட்ராப்பைக் காலி பண்ணிடும்.

வாடகை வீட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம். எல்லா நாத்தத்துக்கும் இவ்வளவு வேலை வேண்டாம். பட்டாசும் தீப்பெட்டியும் காய எங்க ஊர் வறண்ட காத்துதான் வசதி. அதே காத்து, ஊருக்குப் போய்ப் பூட்டி வச்ச வீட்ல ட்ராப் தண்ணியையும் குடிச்சிடும். திரும்பி வந்ததும் தரை ஓட்டையில ரெண்டு மக் தண்ணி ஊத்திப் பாருங்க. அதுலயே போயிடலாம். போகலைன்னா மாடிக்குப் போய் வென்ட் பைப் வாயைப் பாருங்க. என்னை மாதிரி யாராவது குடியிருந்திருக்கலாம்.

எங்க ஏற்பாட்டுலயும் குறை இருக்கு, கரண்ட் இல்லைன்னா மோட்டார் ஓடாது. பராமரிப்புக்காக பகல் பூரா கரண்ட் நிறுத்துற நாள்ல, தொட்டி தாங்குறது கொஞ்சம் தண்ணிதான். அப்பத்தா அதுக்குக் கணக்கு வச்சிருக்காங்க. காலையில கரண்ட் போறதுக்கு முன்னாடியே குளிச்சிடுவாங்க. எனக்கும் போன் வரும்: "இன்னைக்கு ஊருக்கு வரியா? வந்தா சாயங்காலமா வா, குளிக்கணும்ல."