'தே' குறுகும் இடம்



பிரெஞ்சு மொழியில் பெயர்ச்சொல் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. அதன் முன்னே ஒரு சிறு சொல் நிற்கும். இன்னதெனச் சுட்டாமல் சொல்லுங்கால் ஆண்பால் ஒருமைக்கு 'அன்', பெண்பால் ஒருமைக்கு 'யூன்', பன்மையில் இருபாலுக்கும் 'தே'. நாம் 'பூக்கள்' என்று கூறி அமைவோம். அவர்கள் 'தே ஃப்ளேர்' என்பார்கள்.

இந்தத் 'தே' ஓரிடத்தில் குறுகுகிறது. 'அழகிய' என்னும் அடைமொழி பெயருக்கு முன் வந்தால் 'த பெல் ஃப்ளேர்' என்றாகும். அடைமொழி உயிரொலியில் தொடங்கினால் அந்தத் 'த'வின் உயிரும் கெட்டு மெய் மட்டுமே எஞ்சும். 'சிவந்த' என்பதுபோல் அடைமொழி பெயருக்குப் பின் வந்தாலோ மாற்றமில்லை: 'தே ஃப்ளேர் ரூஜ்'.

1647இல் வோஜ்லா என்னும் அறிஞர் தம் நூலில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். 1901 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு, தேர்வுகளில் இவ்விடத்துத் 'தே' என்று எழுதினாலும் பிழையெனக் கொள்ள வேண்டாம் என ஆணையிட்டது. பேச்சில் இன்றும் 'தே' மிகுதியாக ஒலிக்கிறது. எனினும் கருத்தூன்றி எழுதுவோர் விதியைக் கைவிடவில்லை.

அப்படியானால் இச்சிறு சொல்லால் ஆகும் பயன் என்ன? 'பெத்தி' என்றால் சிறிய. 'புவா' என்றால் பட்டாணி. 'த பெத்தி புவா' எனில் உருவில் சிறிய பட்டாணிகள். 'தே பெத்தி புவா' எனில் பச்சைப் பட்டாணி என்னும் காய். அங்கே அடையும் பெயரும் ஒன்றிவிட்டன. ஒன்றியதனால் 'தே' குறுகவில்லை.

இது நமக்குப் புதிதன்று. தொகைச்சொல் ஒரு சொல்லின் தன்மையுடையது என்பது தொல்காப்பியர் கொள்கை. செங்கல் வேறு, சிவந்த கல் வேறு அல்லவா?

மற்றொன்றும் கருதத்தக்கது. 'அழகிய அப்பூக்களின் மணம்' என்னும்போது வருவதும் 'தே' தான். ஆனால் அது வேற்றுமைப் பொருளும் சுட்டும் கலந்து பிறந்த வேறு சொல். அடைமொழி முன் வந்தாலும் அது குறுகாது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், ஆசிரியர் சுட்டிய பூக்கள் ஏதோ சில பூக்களாகிவிடும்.

ஆகவே, மொழிபெயர்ப்பில் ஈடுபடும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது: பெருஞ்சொற்களுக்கு அகராதி துணை நிற்கும், சிறு சொற்களுக்கு உங்கள் செவியும் இலக்கணமுமே துணை. செங்கல்லைச் சிவந்த கல் என்று பெயர்த்தால், மூலத்தில் எழுந்த வீடு தமிழில் எழாது.